லொக்கேஷன் ஷேர் பண்றப்போ நாம பண்ற தப்புங்க

போன பொங்கலுக்கு என் தங்கச்சி சென்னையில இருந்து திருநெல்வேலிக்கு நைட் பஸ்ல வந்தா, வாட்ஸ்அப்ல லைவ் லொக்கேஷன் போட்டுட்டு தூங்கிட்டா. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா எழுந்து பாத்தா மேப்ல அவ இருக்கற இடத்தைக் காட்டற புள்ளி விக்கிரவாண்டியிலயே நிக்குது, போன் பண்ணா எடுக்கல, வீடே கலங்கிப்போச்சு. மூணு மணிக்கு அவளே பேசுனா, பஸ் திருச்சி தாண்டிருச்சாம். அவ போன்ல பேட்டரி சேவர் ஆன்ல இருந்ததால ஆப் பின்னாடி ஓடவே இல்ல, அவ்ளோதான்.

அந்தப் புள்ளியை ஆளாவே நினைச்சுக்கறதுதான் முதல் தப்பு. புள்ளியைப் பாக்கறதுக்கு முன்னாடி அது கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு பாருங்க. சுத்தி நீல வட்டம் பெருசா இருந்தா போனுக்கே சரியா தெரியலன்னு அர்த்தம். வெட்டவெளியில ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள்ள காட்டும், கட்டடத்துக்குள்ள போயிட்டா செல் டவரை வச்சு கணக்கு போட்டு நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளிக்கூட காட்டும். இதை வச்சு "நீ ஆபீஸ்ல இல்லல்ல"ன்னு சண்டை போடறவங்க எத்தனை பேரு!

ஒருத்தர் அனுப்புற பின்னை, அதாவது மேப்ல இடத்தைக் குறிச்சு அனுப்பறதை, அப்படியே நம்பறதும் தப்பு. வாட்ஸ்அப்ல எந்த இடத்தையும் தேடி அனுப்பலாம், அங்க நாம இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஆப்ஷன்ல மாக் லொக்கேஷன், அதாவது போலி லொக்கேஷன்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சு லைவ் புள்ளியையே வேற ஊருல நிக்க வைக்கலாம். அதனால "வந்துட்டே இருக்கேன், லொக்கேஷன் பாருங்க"ன்னு சொல்லி அட்வான்ஸ் கேட்டா பணம் போடாதீங்க. பின்னை நம்ப முடியாதுங்கறது கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல தீர்ப்பு சொல்லுச்சு, ஜாமீன்ல இருக்கறவர் கூகுள் மேப்ஸ்ல பின் போட்டு விசாரணை அதிகாரிக்குக் காட்டணும்னு அதுல நிபந்தனை. பின்னை வச்சு ஒருத்தரை நேரலையா கண்காணிக்க முடியாதுன்னு கூகுளே சொல்லிருச்சு, ஒரு மனுஷன் நடமாட்டத்தை ஓயாம பாக்க வைக்கற நிபந்தனையே அந்தரங்க உரிமைக்கு எதிரானதுன்னு கோர்ட் ரத்து பண்ணிருச்சு.

இப்ப நாம தாராளமா கொடுக்கறதுக்கு வருவோம். கூகுள் மேப்ஸ்ல "நிறுத்தும் வரை"ன்னு போட்டுட்டு மறந்துடறோம், அறையைக் காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆன பழைய ரூம்மேட்டுக்கு இன்னும் நம்ம வீடு, போன்ல எவ்ளோ சார்ஜ் இருக்குங்கறது வரைக்கும் தெரியும். வாட்ஸ்அப்ல பிரைவசி செட்டிங்ஸ்ல லைவ் லொக்கேஷன்னு இருக்கும், யாருக்கெல்லாம் போகுதுன்னு இப்பவே பாத்துருங்க. நாப்பது பேர் இருக்கற சொந்தக்கார குரூப்ல போடாதீங்க, ஒருத்தருக்கு மட்டும் போடுங்க. வெதர் ஆப்புக்கு துல்லியமான லொக்கேஷன் எதுக்கு, ஆண்ட்ராய்டு 12லயும் ஐபோன்ல ஐஓஎஸ் 14லயும் வந்த தோராய லொக்கேஷன் போதும். டாக்ஸிக்கு மட்டும் துல்லியமா கொடுங்க, இல்லன்னா டிரைவர் அடுத்த தெருவுல நிப்பாரு.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டப்படறது, பொண்டாட்டி போன்லயோ காலேஜ் போற பொண்ணு போன்லயோ சொல்லாம லொக்கேஷன் ஷேரை ஆன் பண்ணி வைக்கறது. அதைப் பாதுகாப்புன்னு சொல்லாதீங்க. ஆஃப் பண்ணினா ஏன்னு விசாரணை வச்சா, அடுத்த தடவை போனை ஹாஸ்டல்லயே வச்சுட்டுப் போயிடுவா, நீங்க புள்ளியைப் பாத்து நிம்மதியா இருப்பீங்க, நிஜமாவே ஆபத்துன்னா எங்க தேடுவீங்க? விருப்பப்பட்டு கொடுக்கற லொக்கேஷன்தான் நம்பக்கூடிய லொக்கேஷன், இதை நான் ரொம்ப உறுதியா சொல்றேன்.

எங்க வீட்ல இப்ப தங்கச்சி பஸ் ஏறினதும் அம்மாவுக்கு மட்டும் 8 மணி நேரம் போடறா, வாட்ஸ்அப்ல அதுக்கு மேல போட முடியாது, திருநெல்வேலிக்கு பத்து மணி நேரத்துக்கு மேல ஆகறதால விடியக்காலம் அலாரம் வச்சு எழுந்து மறுபடி போடறா. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம். பஸ் நம்பரையும் மெசேஜ்ல அனுப்பிடறா, புள்ளி நின்னாலும் அம்மா இப்ப பதறறது இல்ல.