ஓரேப் மலையைப் பைபிளில் தேடிப் படிப்பது எப்படி?

ஒரு வீட்டுக்கூட்டத்தில் சீனாய் மலையைப் பற்றி 20 நிமிடம் பேசினேன். முடிந்ததும் ஒரு பாட்டி, "எலியா தீர்க்கதரிசி போன மலையும் அதுதானே தம்பி?" என்றார். திருதிருவென்று முழித்தேன். பைபிள் ஆப்பில் 'சீனாய்' என்று தேடித் தயாரித்த பேச்சு அது. எலியா கதையில் அந்த மலைக்குப் பெயர் ஓரேப்!

அதனால் முதல் வேலை, இரண்டு பெயரையும் தேடுவது. உபாகமத்தில் சீனாய் ஒரே இடத்தில்தான் வருகிறது (33:2), மற்றதெல்லாம் ஓரேப்.

நான் சறுக்கிய இடம் அடுத்தது. 'ஓரேப்' என்று புள்ளி வைத்துத் தேடினால் 'ஓரேபிலே' என் ஆப்பில் சிக்கவில்லை. புள்ளியை எடுத்துவிட்டு 'ஓரேப' என்று அடியுங்கள், எல்லாம் வரும். 'சீனாய' என்பதும் அப்படியே. 'சீன்வனாந்தரம்' வேறு இடம், குழப்பிக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால், ஆப்பைவிட அச்சிட்ட ஒத்தவாக்கிய அகராதியே (ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம்) மேல்.

அப்புறம் நோட்டில் நடுவே கோடு போட்டு, யாத்திராகமம் 19ஐ ஒரு பக்கமும் 1 இராஜாக்கள் 19ஐ மறுபக்கமும் எழுதுங்கள். மோசே காலத்தில் கர்த்தர் அக்கினியில் இறங்குகிறார், மலை அதிர்கிறது. எலியாவுக்கோ பூமியதிர்ச்சியிலும் அவர் இல்லை, அக்கினியிலும் இல்லை. பிறகுதான் 'அமர்ந்த மெல்லிய சத்தம்'. மோசேக்குக் கன்மலையின் வெடிப்பு (யாத்திராகமம் 33), எலியாவுக்குக் கெபி, அதாவது குகை. இருவருக்கும் 40 நாள் கணக்கு உண்டு: மோசே மலையில் 40 நாள் இருந்தார், எலியா மலைக்கு வர 40 நாள் நடந்தார்.

'தேவன் அமைதியில்தான் பேசுவார்' என்று இதை வைத்துப் பிரசங்கிப்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி. இதே மலையில்தானே நெருப்பாக வந்தார்? நான் கோடிட்டது வேறு வரியை: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" உயிர் தப்ப ஓடி, வழியில் சாக வேண்டும் என்று கேட்டவனைத் தமஸ்குவின் வழியாய்த் திருப்பி அனுப்புகிறார், ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும் எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ண. இதே மலையில் எரியும் முட்செடி அருகே நின்ற மோசேயையும் எகிப்துக்குத்தான் அனுப்பினார். இருவரையும் அந்த மலையிலேயே தங்கிவிட விடவில்லை.

பின்சேர்க்கை: பழைய மொழிபெயர்ப்பில் மலைக்கு வரும் 'பர்வதம்' என்ற சொல்லைத் தேடினால் ஒன்றும் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் கையில் இருப்பது திருவிவிலியம் என்ற வேறு மொழிபெயர்ப்பு. அதில் 'மலை' என்றே தேடுங்கள். ஓரேப் அங்கே 'ஓரேபு'. இன்று எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். எகிப்தின் சீனாய் தீபகற்பத்தில் உள்ள 2,285 மீட்டர் உயர ஜெபல் மூசா என்பது பழைய மரபு. அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.