ஆன்லைனில் அடிப்படை வேதியியல்: வீடியோவுக்கு முன்னால் நோட்டைத் திறங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தமிழ் மீடியத்தில் எஸ்எஸ்எல்சி முடித்து பிளஸ் ஒன் சயன்ஸ் எடுக்கும் பிள்ளைகள் வேதியியலில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். பத்தாவது வரை தமிழில் படித்த பாடம், பிளஸ் ஒன்னில் என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகமாக வந்து நிற்கிறது. வகுப்பில் விளக்கம் பாதி மலையாளம், பாதி ஆங்கிலம். இந்த இடைவெளியை அடைக்க ஆன்லைன் பாடத்தில் சேருவது நல்ல யோசனை. ஆனால் சேர்ந்த கையோடு வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். தொடக்க வேதியியலின் முதல் மாதம் ஏறக்குறைய முழுக்கக் கணக்கு. அது பார்த்து வராது, போட்டால்தான் வரும்.

எதில் சேருவது

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் 11, 12ஆம் வகுப்பு நிலைக்கான வேதியியல் பாடங்களை என்சிஇஆர்டியும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ்ஸும் நடத்துகின்றன. பள்ளி மாணவர்களுக்கு இவை போதும். கல்லூரி முதலாண்டு என்றால் என்பிடெல் பாடங்களைப் பாருங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துபவை அவை. ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கும். சேர்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் தேர்வு எழுதத்தான் பணம் கட்ட வேண்டும்.

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். முதல் இரண்டு வாரத் தலைப்புகளைப் படியுங்கள். அலகுகள், மோல், சமன்பாடு சமன்செய்தல் இருந்தால் அது உண்மையிலேயே தொடக்கப் பாடம். குவாண்டம், அலைச்சார்பு என்று முதல் வாரத்திலேயே வந்தால் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும்போது பெயர் விஷயத்தில் கவனம் தேவை. நம் பக்கம் எஸ்எஸ்எல்சி புக்கில் இனிஷியல் பின்னாலும், ஆதாரில் முன்னாலும் இருப்பது சகஜம். சிலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோவீர்களோ, அதில் இருக்கிறபடியே பெயரைக் கொடுங்கள். அக்ஷயா மையத்தில் பதிவு செய்தால் மின்னஞ்சல் முகவரியும் போன் நம்பரும் உங்களுடையவையா என்று சரிபாருங்கள். அங்கிருப்பவர் அவசரத்தில் வேறு நம்பரைப் போட்டுவிட்டால் பின்னால் ஓடிபிக்கு அலைய வேண்டிவரும்.

இரண்டு புத்தகம், ஒரு நோட்டு

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11ஆம் வகுப்பு வேதியியல், தமிழ் வழிப் பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு தொகுதிகளையும் இறக்கி வையுங்கள். கேரளத்தில் படிப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள துணை இல்லை. அதன் முதல் அலகும் என்சிஇஆர்டி 11ஆம் வகுப்பின் முதல் அலகும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன: மோல், அணு நிறை, வேதிக் கணக்கீடு. ஒரு பத்தியைத் தமிழில் படித்துவிட்டு அதே கருத்தை ஆங்கிலத்தில் தேடிப் பிடியுங்கள். பத்துப் பக்கம் இப்படிப் போனால் ஆங்கிலப் புத்தகம் பழகிவிடும்.

நோட்டின் பின்பக்கத்தில் மூன்று நெடுவரிசை போட்டு, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று சொற்களை எழுதிவாருங்கள். இதை அலங்கார வேலை என்று நினைக்க வேண்டாம். மலையாளத்தில் 'மூலகம்' என்றால் நம் தனிமம். நாம் மூலக்கூறு என்பதை அவர்கள் 'தன்மாத்ர' என்பார்கள். கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் வகுப்பைக் கேட்டுக்கொண்டே மூலகத்தை மூலக்கூறு என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பாடம் முழுவதும் தலைகீழாகப் புரியும். சேர்மத்துக்கு 'சம்யுக்தம்', இணைதிறனுக்கு 'சம்யோஜகத', உப்புக்கு 'லவணம்'. நாற்பது ஐம்பது சொல்லில் இந்தப் பட்டியல் முடிந்துவிடும்.

முதல் மூன்று மாலை: வீடியோ வேண்டாம்

இந்த ஐந்தையும் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். 250 மில்லிலிட்டர் எத்தனை லிட்டர்? 2.5 மில்லிகிராம் எத்தனை கிராம்? 35 டிகிரி செல்சியஸ் எத்தனை கெல்வின்? ஒரு எண்ணை 84ஆல் வகுத்தால் 0.25 வருகிறது என்றால் அந்த எண் எது? 6 × 10²³ஐ 1.2 × 10²⁴ஆல் வகுத்தால்? விடைகள் வரிசையாக 0.25, 0.0025, சுமார் 308, 21, 0.5. இரண்டு தப்பினால்கூட அடுக்குக்குறியையும் விகிதத்தையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் வேதியியலுக்குப் போக வேண்டும். மோல் புரியவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு மோல் புரிந்திருக்கிறது, தசமப் புள்ளிதான் இடம் மாறுகிறது.

அடுத்து கால்குலேட்டர். கேசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ் வகை போதும். 6.022 × 10²³ஐ அடிக்க 6.022, பிறகு 'எக்ஸ்ப்' பொத்தான், பிறகு 23. பலர் 6.022, பெருக்கல், 10, எக்ஸ்ப், 23 என்று அடிப்பார்கள். விடை பத்து மடங்கு கூடிவிடும். புதிய மாடல்களில் அந்தப் பொத்தானிலேயே × 10 என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கேயும் தனியாக 10 அடிக்கக் கூடாது. வகுக்கும் இடத்தில் இரண்டு எண் இருந்தால் அடைப்புக்குறி போடுங்கள். 5ஐ 84 × 2ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 5 ÷ 84 × 2 என்று அடித்தால் நான்கு மடங்கு பிழை.

மோலைப் பொறுத்தவரை பழைய விளக்கமும் புதிய விளக்கமும் கலந்து கிடக்கின்றன. பழைய வீடியோக்களில் '12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை' என்று வரும். 2019 மே 20 முதல் வரையறை மாறிவிட்டது: ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். கணக்குப் போடுவதில் வித்தியாசம் வராது, ஒரு மதிப்பெண் கேள்வியில் வரும்.

சமையலறைப் பொருளில் ஒரு கணக்கு

ஆப்ப சோடாவும் வினிகரும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கக் கடைகளில் அப்பக்காரம், வினாகிரி என்று கேட்டாலும் தருவார்கள். பேக்கிங் பவுடர் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடாவோடு அமிலப்பொடியும் மாவும் கலந்திருக்கும், கணக்கு ஒத்துவராது. வினிகர் பாட்டிலின் லேபிளில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதமா 5 சதவீதமா என்று பாருங்கள். இங்கே 4 என்று வைத்துக்கொள்வோம்.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை: சோடியம் 22.99, ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, ஆக்சிஜன் மூன்று முறை 15.999. கூட்டினால் 84.01 கிராம். 5 கிராம் சோடா எடுத்தால் 5 ÷ 84.01 = 0.0595 மோல். அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60.05. 50 மில்லிலிட்டர் வினிகரில் அமிலம் 2 கிராம், அதாவது 0.0333 மோல். சமன்பாட்டில் ஒரு மோல் சோடாவுக்கு ஒரு மோல் அமிலம். எனவே அமிலம்தான் முதலில் தீரும், சோடா 0.0262 மோல், சுமார் 2.2 கிராம் மிஞ்சும். ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு வருவதால் வாயுவும் 0.0333 மோல்தான்.

மாணவர்கள் செய்யும் பெரிய தவறு கிராமையும் கிராமையும் ஒப்பிடுவது. 5 கிராம் சோடா, 2 கிராம் அமிலம், எது குறைவோ அது தீரும் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அதிர்ஷ்டவசமாக விடை பொருந்துகிறது. 2.5 கிராம் சோடா, 2 கிராம் அமிலம் என்று மாற்றிப் பாருங்கள். சோடா 0.0298 மோல், அமிலம் 0.0333 மோல். இப்போது கிராமில் அதிகமாக இருக்கிற சோடாதான் முதலில் தீர்கிறது. மோலுக்கு மாற்றாமல் ஒப்பிடவே கூடாது என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும்.

வாயுவின் கன அளவுக்கு வந்தால் இன்னொரு குழி. பள்ளிப் பழக்கத்தில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று பெருக்கிவிடுவோம். அது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கான எண். சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியபின் அது 22.7 லிட்டர். உங்கள் பாடம் எதைப் பின்பற்றுகிறது என்று முதல் நாளே குறித்துவையுங்கள். பாலக்காட்டு மார்ச் மாத வெயிலில், அறை 35 டிகிரி இருக்கும்போது, ஒரு மோல் வாயு ஏறக்குறைய 25.3 லிட்டர் இடம் பிடிக்கும். நம் கணக்கில் 0.84 லிட்டர். 22.4ஐப் போட்டிருந்தால் 0.75 என்று வந்திருக்கும்.

செய்து பார்த்தால் இதைவிடக் குறைவாகவே வாயு பிடிபடும், ஏனென்றால் கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்துவிடும். சமையலறைத் தராசு 1 கிராம் துல்லியம் காட்டுவது என்றால் 5 என்பது 4.5 முதல் 5.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்து 0.0595 என்று மூன்று இலக்கம் எழுதுவது பொய்த் துல்லியம். 0.06 என்று எழுதுவதே நேர்மை. முக்கிய இலக்கங்கள் என்ற பாடம் இதற்காகத்தான் இருக்கிறது.

கலவையை வைத்து எந்தப் பாட்டிலையும் இறுக்கி மூடாதீர்கள், வெடிக்கும். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வீடியோவைப் பார்க்கும் முறை

40 நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆசிரியர் கணக்கை எழுதியவுடன் நிறுத்துங்கள். நீங்கள் போடுங்கள். பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். நிறுத்தாமல் பார்த்த கணக்கு மறுநாள் கைக்கு வராது.

டேட்டா மிச்சம் பிடிக்க 144பியில் பார்ப்பவர்கள் உண்டு. பேச்சுக்கு அது போதும், பலகைக்குப் போதாது. கீழே சிறிதாக எழுதிய 2, 3 எல்லாம் ஒரே புள்ளியாகத் தெரியும். இரும்பின் இரண்டு ஆக்சைடுகள் ஒன்றாகிவிடும். 480பிக்குக் கீழே போக வேண்டாம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் மொத்தமாக இறக்கிவைத்து வீட்டில் பாருங்கள்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) பாவனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள், இலவசம். இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். அணுவைக் கட்டுவதும் சமன்பாட்டைச் சமன்செய்வதும் தொடக்கத்துக்கு மிகவும் உதவும். சமன்செய்யும்போது முன்னால் இருக்கும் எண்ணை மட்டுமே மாற்ற வேண்டும். கீழெழுத்தைத் தொட்டால் பொருளே மாறிவிடும். தண்ணீரில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

விடை அனுப்பும்போது

கணினி திருத்தும் வினாக்களில் சரியான விடையும் தவறாகும். இடையில் சுருக்காதீர்கள், கடைசியில் மட்டும் சுருக்குங்கள். கேட்ட அலகு கிராமா மில்லிகிராமா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். குறியீடு தட்டச்சு செய்யும்போது போன் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றுவதை அணைத்துவையுங்கள்: சி பெரியது, ஓ சிறியது என்றால் கோபால்ட், இரண்டும் பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு. சந்தேகம் கேட்கும்போது வினாவை மட்டும் அனுப்பாமல் நீங்கள் போட்ட வரிகளையும் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வரியில் தடம் மாறினீர்கள் என்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும்.

என்பிடெல் பாடத்தில் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு ஒப்படைப்பில் 10ம் தேர்வில் 30ம் வேண்டும். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 ஒப்படைப்புகளும், 12 வாரத்தில் சிறந்த 8ம் கணக்கில் வரும். பாடத்தில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டாவதைத் தனியாகச் செய்து பணம் கட்ட வேண்டும், அதற்குத் தனிக் கடைசி நாள் உண்டு. தேர்வு நேரில் என்பதால் பாலக்காடா கோவையா என்று பஸ் வசதியையும் பார்த்து, அந்தப் பருவத்துப் பட்டியலில் இருக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காய்ச்சல், திருவிழா, பள்ளித் தேர்வு என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து துரத்த வேண்டாம். இந்த வார ஒப்படைப்பை முதலில் முடியுங்கள், விட்டதை ஞாயிற்றுக்கிழமைகளில் பாருங்கள். ஒன்று மட்டும் விலக்கு: விட்டது மோல் நடத்திய வாரம் என்றால் அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். கரைசலின் செறிவு, வாயு விதிகள், வெப்ப வேதியியல் என்று பின்னால் வருவதெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.