லேப்டாப் கொதித்தது: பேஸ்ட் மட்டும் மாற்றினால் போதாது

பிரௌசர் திறந்தாலே 95 டிகிரி. சிப்பின் சூடு தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் பசை) வழியாகச் செம்புத் தகட்டுக்குக் கடத்தலில் போகிறது. செம்புக் குழாய்க்குள் இருக்கும் சொட்டு நீர் ஆவியாகி அந்தச் சூட்டை மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஃபின்களிலிருந்து (வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) ஃபேன் காற்று அதை வாரிக்கொண்டு வெளியேறுகிறது.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, காய்ந்த பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பாதிப் பட்டாணி அளவு புதுசு வைத்தேன். கூடுதலாக அப்பினால் கெடுதல்தான்: செம்பின் வெப்பக் கடத்துதிறன் 400 என்றால் நல்ல பேஸ்டுக்கே 8 போல, அதனால் தடிமனானால் சூட்டைத் தடுக்கும். ஸ்க்ரூவை அதன் பக்கத்தில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும். அப்படியும் 6 டிகிரிதான் இறங்கியது.

ஃபேனைப் பிரித்தால், ஃபின்களின் உட்புறத்தில் கம்பளி போலத் தூசி! வெளியிலிருந்து ஊதினால் இது வெளியே வராது, உள்ளேயே தங்கிவிடும். பிரஷ்ஷால் உரித்தெடுத்ததும் 68 டிகிரி. (ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.)