பேஸ் கிட்டார்ல ஜாஸ் சோலோ: ஸ்கேலை ஓரமா வச்சுட்டு இங்கேருந்து ஆரம்பிங்க

வாக்கிங் லைன் (பீட்டுக்கு ஒரு நோட்டா நடக்கற பேஸ் லைன்) ஓரளவு ஓடுது, கார்ட் சீட் பாத்து வாசிக்க வருது, ஆனா நடுவுல பியானோக்காரர் திரும்பி "நீங்க எடுத்துக்கோங்க"ன்னு தலைய ஆட்டினா கை அப்படியே நின்னுடுது. உங்க நிலைமை இதுதான்னா மேல படிங்க. ஃப்ரெட்போர்டுல நோட்டு பேரு, மேஜர் 7, மைனர் 7, டாமினன்ட் 7 ஆர்பெஜியோ எல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன், அதுக்குள்ள போகல.

முதல்ல ஸ்கேல் விஷயம். எங்க தேடினாலும் டி மைனர் 7-க்கு டோரியன், ஜி 7-க்கு மிக்ஸோலிடியன், சி மேஜர் 7-க்கு மேஜர் ஸ்கேல்னுதான் வரும். தப்பில்ல, ஆனா மூணுமே அதே ஏழு நோட்டுதான், அதுலயே ஏறி இறங்கிக்கிட்டு இருந்தா கார்ட் மாறினதே கேக்கறவங்களுக்குத் தெரியாது. சாக்ஸபோன்காரர் சோலோ வாசிக்கும்போது பின்னாடி ரூட்டை, அதாவது கார்டுக்குப் பேர் குடுக்கற அடி நோட்டை, பிடிச்சுக்க நாம இருக்கோம், நம்ம சோலோவுல அந்த வேலைக்கு ஆளே கிடையாது. அதனால கார்ட் மாறுறத நம்ம மெலடியே காட்டிக் குடுக்கணும், அதுவும் ரூட்டை வாசிக்காம. ரூட்டை வாசிச்சா வாக்கிங்கே இன்னும் முடியலன்னு நினைப்பாங்க.

1. மூணாவதும் ஏழாவதும்

டூ-ஃபைவ்-ஒன் (ஸ்கேலோட ரெண்டு, அஞ்சு, ஒண்ணாவது நோட்டுல கட்டின கார்ட் மூணும் வரிசையா) எடுத்துக்கோங்க, சி-ல. டி மைனர் 7-ல மூணாவது எஃப், ஏழாவது சி. ஜி 7-ல மூணாவது பி, ஏழாவது எஃப். சி மேஜர் 7-ல மூணாவது ஈ, ஏழாவது பி. இப்போ கைய வைங்க: டி ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட்ல எஃப், ஜி ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட்ல சி. ஜி 7 வரும்போது எஃப் அங்கேயே இருக்கட்டும், சி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கி 4-வதுக்கு வந்தா அது பி. அடுத்து சி மேஜர் 7, இப்போ பி அங்கேயே நிக்கும், எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆயிடும். அவ்ளோதான், நாலு ஃப்ரெட்டுக்குள்ள முழு புரொக்ரெஷனும் கேக்குது, ரூட்டே வாசிக்கல. ஒவ்வொரு பாருக்கும் ஒரே ஒரு நோட்டு, நீளமா இழுத்து வாசிங்க, முதல்ல மேல் லைன் மட்டும், அப்புறம் கீழ் லைன் மட்டும். போரடிக்கும், ஆனா விட்டுடாதீங்க.

2. ஒண்ணுல போய் இறங்கறது

இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க, நானும் ரொம்ப நாள் இங்கதான் நின்னேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். சரியான நோட்டு தெரியும், ஆனா புது பாரோட ஒண்ணாவது பீட் வந்த பிறகுதான் "ஆ, ஜி 7, பி எங்க?"ன்னு மூளை தேட ஆரம்பிக்கும், கை போய்ச் சேரும்போது ரெண்டாவது பீட் ஆயிடும். வாக்கிங்ல இது பிரச்சினையே இல்ல, ஏன்னா ஒண்ணுல ரூட்டைத் தட்டிட்டு மிச்சத்த யோசிக்கலாம்னு பழகியிருக்கோம். சோலோவுல அந்தப் பழக்கம்தான் காலை வாரும்.

இதுக்கு வழி, லைனைப் பின்னாடிலேருந்து கட்டறது. பார் முழுக்க சும்மா இருங்க, நாலாவது பீட்ல ஏதோ ஒரு நோட்டு, அடுத்த பாரோட ஒண்ணுல அந்த கார்டோட மூணாவது, இந்த ரெண்டே ரெண்டு நோட்டு. நாலாவது பீட் நோட்டு இறங்கப் போற நோட்டுக்கு ஒரு ஃப்ரெட் மேலயோ கீழயோ இருந்தா போதும், ஸ்கேல்ல இருக்கா இல்லையான்னு பாக்கவே வேண்டாம். இது தூக்கத்துல எழுப்பினாலும் வரும்னு ஆனப்புறம் மூணாவது பீட்ல ஒண்ணு சேருங்க, அப்புறம் ரெண்டாவதுல. இப்படியே பின்னாடி போனா ஒரு முழு பார் கிடைச்சுடும், எங்க முடியப் போகுதுன்னு தெரிஞ்சே ஆரம்பிக்கற லைன் அது. முன்னாடிலேருந்து கட்டினா எங்க போய் முட்டும்னு யாருக்கும் தெரியாது.

3. ரெண்டு பக்கமும் சுத்தி வர்றது

இதை என்க்ளோஷர்ம்பாங்க. ஈ-ல இறங்கணும்னா நாலாவது பீட்ல எஃப், அதோட பாதியில டி ஷார்ப், ஒண்ணுல ஈ. டி ஸ்ட்ரிங்ல 3, 1, 2. பி-க்கு ஜி ஸ்ட்ரிங்ல 5, 3, 4, அதே ஷேப்தான். ஜாஸ் மாதிரி கேக்குதுன்னு முதல் தடவையா தோணறது பெரும்பாலும் இங்கதான். அதுக்காக எல்லா நோட்டுக்கும் போடாதீங்க, அலுத்துடும்.

4. ஸ்விங்

நோட்டேஷன்ல சமமான எய்த் நோட்டாத்தான் எழுதியிருக்கும், வாசிக்கறது அப்படி இல்ல. ஒரு பீட்டுக்கு தகிடன்னு சொல்லி நடுவுல இருக்கற கி-ய முழுங்கிடுங்க, த-ல ஒரு நோட்டு, ட-ல ஒரு நோட்டு. அந்த ட-வ லேசா அழுத்தி வாசிக்கணும், த-வ இல்ல. டெம்போ ஏற ஏற ரெண்டும் கிட்டத்தட்ட சமமா ஆயிடும், அதை வலுக்கட்டாயமா தகிடவாவே வச்சுக்கிட்டு இருந்தா நொண்டற மாதிரி இருக்கும்.

5. எங்க இருக்கோம்னு தெரியறது

பேஸ் சோலோ வந்தா டிரம்ஸ்காரர் சத்தத்தைக் குறைச்சுடுவார், பியானோ ஒண்ணு ரெண்டு கார்டோட நிறுத்திக்கும், சில சமயம் மொத்தமா நின்னுடும். பேக்கிங் ட்ராக்கோட மட்டுமே பழகினவங்க இதுல அஞ்சாவது பார்லயே தொலைஞ்சு போவாங்க. அதனால ட்ராக் இல்லாம மெட்ரோனோம் மட்டும் வச்சு, அதுவும் கிளிக் 2, 4-ல விழற மாதிரி (டெம்போ 120 வேணும்னா 60-ல வைங்க), 12 பார் ப்ளூஸ் ஒரு தடவை வாக்கிங், ஒரு தடவை சோலோ, மாத்தி மாத்தி வாசிங்க. ரெக்கார்ட் பண்ணி, பார் எண்ணிக்கிட்டே கேளுங்க. பன்னிரண்டு பாருக்கு பதினொண்ணு வந்திருந்தா நோட்டு எவ்ளோ அழகா இருந்தும் பிரயோஜனமில்ல.

எஃப் ப்ளூஸ்ல ஒரு சின்ன வசதி இருக்கு. எஃப் 7-க்கு டி ஸ்ட்ரிங் 7-வது ஃப்ரெட் ஏ, ஜி ஸ்ட்ரிங் 8-வது ஃப்ரெட் ஈ ஃப்ளாட். அஞ்சாவது பார்ல பி ஃப்ளாட் 7 வரும்போது ரெண்டு விரலையும் அப்படியே ஒரு ஃப்ரெட் இறக்கினா போதும், ஏ ஃப்ளாட்டும் டி-யும், பி ஃப்ளாட்டோட ஏழாவதும் மூணாவதும். ப்ளூஸ்ல எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்கற திருப்பம் இந்த அஞ்சாவது பார்தான், அங்க மட்டும் சரியா இறங்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

என்ன வச்சு பழகறது

ஐரியல் ப்ரோன்னு பேக்கிங் ட்ராக் வாசிக்கற ஆப் ஒண்ணு இருக்கு, வாங்கிக்கோங்க, அதுல பேஸை மட்டும் மியூட் பண்ணலாம், எந்தக் கீ-க்கும் மாத்தலாம். யூடியூப் பேக்கிங் ட்ராக் எனக்குப் பிடிக்காது, நிறையதுல பேஸ் ஏற்கனவே இருக்கும், அதோட முட்டிக்கிட்டே வாசிக்கணும். ரெக்கார்டிங்கை ஸ்லோ பண்ணிக் கேக்க ஆடாசிட்டி போதும், ஃப்ரீ, ஸ்ருதி மாறாம டெம்போ மட்டும் குறைக்கும். ஸ்ட்ரிங் என் சாய்ஸ் ஃப்ளாட்வூண்ட் (மேல் சுத்து தட்டையா இருக்கற ஸ்ட்ரிங்), அதுக்காக இருக்கறத கழட்டிப் போட வேண்டாம், ட்ரெபிளைக் கொஞ்சம் குறைச்சாலே கிட்ட வந்துடும். சோலோவ டி, ஜி ஸ்ட்ரிங்லயே வச்சுக்கோங்க, ஈ ஸ்ட்ரிங்ல வேகமா வாசிச்சா ஒண்ணும் பிரிஞ்சு கேக்காது.

யாரைக் கேக்கறதுன்னா, மைல்ஸ் டேவிஸோட வாசிச்ச பேஸிஸ்ட் பால் சேம்பர்ஸ் கண்டிப்பா. ஜிம்மி பிளாண்டனையும் ஒரு தடவை கேளுங்க, 1939-ல டியூக் எல்லிங்டன் பேண்ட்ல சேர்ந்தவர், 1942-லயே இறந்துட்டார், அதுக்குள்ள பேஸ்லயும் சாக்ஸபோன் மாதிரி சோலோ வாசிக்க முடியும்னு காட்டிட்டுப் போனவர். எலக்ட்ரிக் பேஸ்ல பேர் போன ஜாகோ பாஸ்டோரியஸ்லேருந்து ஆரம்பிக்காதீங்கன்னு சொன்னா திட்டுவீங்க, ஆனா ஆரம்பிக்காதீங்க, விரல் வேகத்தைப் பாத்துட்டு லைனைக் கேக்கவே மறந்துடுவோம்.

இன்னொண்ணு, வாசிக்கறத வாயாலயும் பாடுங்க. ஸ்லாம் ஸ்டூவர்ட்னு ஒருத்தர், வில்லால வாசிச்சுக்கிட்டே ஒரு ஆக்டேவ் மேல கூடவே பாடுவார், அதுவே அவரோட ஸ்டைல். நமக்கு அவ்ளோ வேண்டாம், முணுமுணுத்தா போதும். பாடினா நடுவுல மூச்சு விட்டுத்தானே ஆகணும், அந்த இடத்துல கையும் நிக்கும், சோலோவுக்கு இடைவெளி தானா வந்துடும்.

அப்டேட்: கமெண்ட்ல ரெண்டு மூணு பேர், "எல்லாம் சரியா இறங்குது, ஆனா எக்சர்சைஸ் மாதிரியே இருக்கு"ன்னு கேட்டிருந்தீங்க. நோட்டை மாத்தாதீங்க, ரிதம்தான் பிரச்சினை. மூணு நாலு நோட்டுல ஒரு சின்ன ரிதம் எடுத்து, டி மைனர் 7-ல வாசிச்ச அதே ரிதத்தை ஜி 7-லயும் வாசிங்க, நோட்டு மட்டும் கார்டுக்குத் தகுந்த மாதிரி மாறட்டும். மூணாவது தடவை ரிதத்தோட வாலை மட்டும் மாத்துங்க.

அப்டேட் 2: மைனர் டூ-ஃபைவ்-ஒன்ல இந்த ஒரு ஃப்ரெட் கணக்கு எல்லா இடத்துலயும் வராது. ஜி 7-லேருந்து சி மைனர் 7-க்கு எஃப் ரெண்டு ஃப்ரெட் இறங்கி ஈ ஃப்ளாட் ஆகும், பி ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஃப்ளாட். ஈ ஃப்ளாட்ல இறங்க நடுவுல இருக்கற ஈ-ய நாலாவது பீட்ல வச்சு வாசிச்சுப் பாருங்க, நல்லாவே ஒட்டும்.