ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கல்வெட்டுத் தொகுக்கும் முறை

கல்வெட்டு என்பது யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் நினைவாக அந்தியேட்டியன்று கொடுக்கும் சிறு புத்தகம். அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை 31ஆம் நாள். இன்னும் ஒரு மாதம் கிடக்குதே என்று இருப்பவர்கள் 27ஆம் நாள் அச்சக வாசலில் நின்று கெஞ்சுவார்கள். முதல் வாரம் காடாத்தோடும் (சாம்பல் அள்ளுதல்) எட்டுச் செலவோடும் (எட்டாம் நாள் படையல்) வந்துபோகும் சனத்தோடும் கரைந்துவிடும். 20ஆம் நாளோடு எழுத்து வேலையை மூடி, 22இல் அச்சுக்குக் கொடுத்தால்தான் 28, 29இல் பிரதி கைக்கு வரும். ஆக, தொகுப்பவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாள்.

பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். பிள்ளைகளை விட, அவரிடம் படித்த ஒருவரோ கூடப் படிப்பித்த ஒருவரோ நல்லது. பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்த அப்பாவைத் தெரியும். வகுப்பறையில் நின்ற வாத்தியாரைத் தெரியாது.

முதலில் தேட வேண்டியது சேவை விபரம். முதல் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ், ஓய்வூதியக் கடிதம் நாலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இடப்பெயர்வுகளில் கடிதங்கள் தொலையாத வீடு குறைவு. அப்போது வலயக் கல்வி அலுவலகத்தில் அவருடைய சுயவிபரக் கோவை இருக்கிறதா என்று கேளுங்கள். படிப்பித்த பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகத்திலும் கடமையேற்ற நாளும் விலகிய நாளும் பெரும்பாலும் இருக்கும். அதிபரிடம் எழுத்தில் கேட்டால் பார்க்க விடுவார்கள்.

இதைக் கொண்டு ஒரு பக்க அட்டவணை போடுங்கள்: ஆண்டு, பாடசாலை, வகுப்பு, பாடம், பதவி. கூடுதலாகப் பிழை வருவது பாடசாலைப் பெயரில்தான். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960–61இல் அரசு பொறுப்பேற்ற பிறகு பலவற்றின் பெயர் மாறியது. மிஷன் பாடசாலையாகவோ சைவ வித்தியா விருத்திச் சங்கப் பாடசாலையாகவோ இருந்தபோது அவர் சேர்ந்திருந்தால், அன்றைய பெயரை எழுதி இன்றைய பெயரையும் பக்கத்தில் போடுங்கள். 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த பின் வேறிடத்தில் இயங்கிய பாடசாலை என்றால், எந்த இடத்தில் இயங்கியது என்பதும் வேண்டும். தென்மராட்சியில் மர நிழலில் நடந்த வகுப்பைச் சொந்தக் கட்டடத்தில் நடந்ததுபோல எழுதிவிட்டால் அவர் பட்ட பாடு முழுதும் மறைந்துபோகும்.

பொதுப்பணியை எழுதும்போது பதவிப் பட்டியலோடு நிறுத்துவது வழக்கம்: சனசமூக நிலையத் தலைவர், கூட்டுறவுச் சங்க இயக்குநர், கோயில் பரிபாலன சபைச் செயலாளர், சமாதான நீதவான். ஊரில் நாலு பேருக்கு ஒருவர் ஏதோ ஒன்றில் தலைவராய் இருந்தவர்தான். பதவியில் இருந்து என்ன செய்தார் என்பது கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் கிடக்கும். அவர் கையெழுத்திட்ட பக்கங்களைப் புரட்டுங்கள். வாசிகசாலைக்கு எந்த ஆண்டு கூரை மாற்றினார்கள், மரண சகாய நிதிக்கு முதல் சந்தா எவ்வளவு, எந்தத் தீர்மானத்தை அவர் எதிர்த்தார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். எதிர்த்ததையும் எழுதலாம். சண்டையே போடாத சமூகத் தொண்டரை ஊர் நம்பாது.

வாழ்க்கை வரலாறு 900 முதல் 1200 சொல் போதும். எழுதி முடித்ததும் ‘பண்பாளர்’, ‘பல்துறை வித்தகர்’, ‘அன்பின் சிகரம்’ போன்றவற்றை எல்லாம் வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். மிஞ்சுவது எந்த ஆசிரியருக்கும் பொருந்துமென்றால் இன்னும் விசாரிக்க வேண்டும். ‘கணிதத்தில் புலி’ என்பதை விட, ‘பின்னக் கணக்கைத் தோடம்பழத்தை உரித்துப் படிப்பிப்பார்; கடைசிச் சுளை கணக்கில் பிழைவிட்ட பிள்ளைக்கு’ என்ற ஒரு வரி மேல். இந்த மாதிரி வரிகள் பழைய மாணவரிடம்தான் இருக்கும். ‘ஒரு அனுதாபச் செய்தி தாங்கோ’ என்று கேட்டால் வழமையான வாசகமே வரும். ‘எந்த ஆண்டு, எந்த வகுப்பு? கரும்பலகையில் எப்படி எழுதுவார்? எதற்குக் கோபம் வரும்?’ என்று கேளுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பட்டும், நீங்கள் எழுத்தாக்குங்கள். ஆளுக்கு 150 சொல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு வெட்டினால் மனஸ்தாபம்.

இறந்த திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவை ஊர்ப் புலவரிடம் கொடுக்குமுன் திதியை ஐயரிடம் உறுதிப்படுத்துங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும், ஆகவே குடும்பம் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். விடியப்புறம் 2 மணிக்குப் போன உயிருக்கு ஆங்கிலத் தேதி மாறியிருக்கும். பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் வரை முதல்நாள் கிழமைதான். வெளிநாட்டில் இறந்தவருக்கு அந்நாட்டு நேரத்தையும் ஊரையும் கொடுங்கள். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடிக் கடைசியில் தனிச்சொல்லுக்கு முன் வரும் சிறுகோட்டைத் தட்டச்சுச் செய்பவர் விட்டுவிடுவார். ஈற்றடியில் மூன்று சீர்தான், அதை மேலடியோடு சேர்த்து நிரப்பவும் பார்ப்பார். கவனம்.

கல்வெட்டில் போடும் திருவாசகச் சிவபுராணம் 95 அடி. முதியவர்கள் கையில் வைத்துப் படிப்பார்கள் என்பதால் 14 புள்ளி எழுத்து வேண்டும். ஏ5 அளவில் நாலு பக்கம் பிடிக்கும். இணையத்தில் வெட்டி ஒட்டினால் அச்சிட்ட திருவாசகத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

படங்களை வட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் நுணுக்கம் போய்விடும். ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு அளவுப் பழைய படத்தை முகப்புக்குப் பெரிதாக்குவதென்றால் 1200 டிபிஐயில் ஸ்கான் செய்ய வேண்டும். நியமனக் கடிதத்தைப் படமாகப் போடும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் மறையுங்கள்.

பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். யூனிகோடில் நீங்கள் கொடுத்ததை மாற்றும்போது ‘ஸ்ரீ’, மேற்கோள் குறி, ஆங்கில எழுத்தில் உள்ள தலைப்பெழுத்துகள் சிதறும். ஆகவே பிழைதிருத்தத்தை உங்கள் கோப்பில் அல்ல, அச்சகம் தரும் பிடிஎஃப்பில், தாளில் எடுத்துப் பாருங்கள். வம்சாவளியைத் தகப்பன் வழியில் ஒருவரும் தாய் வழியில் ஒருவரும் தனித்தனியே வாசிக்கட்டும். மருமக்கள் பெயர் ஒன்று விடுபட்டால் அந்தியேட்டிப் பந்தியிலேயே கதை தொடங்கிவிடும்.

கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 33 பக்கம் வந்தால் மூன்று வெறுமையாகும். ஒன்றைக் குறைப்பதே மலிவு. 60 பக்கத்துக்கு மேல் போனால் பசை கட்டு, அப்போது உள் ஓரம் 20 மில்லிமீற்றர் விடுங்கள், இல்லையேல் வரித் தொடக்கம் முதுகுக்குள் போய்விடும். உள்தாள் 80 கிராம், அட்டை 250 கிராம் போதும்.

பிரதியை ஆட்கணக்கில் அல்ல, வீட்டுக்கணக்கில் எண்ணி, அவர் படிப்பித்த ஒவ்வொரு பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் ஒன்று கூட்டுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுங்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லமாட்டார்கள். அச்சுக்குப் போன கடைசி பிடிஎஃப்பை அச்சகத்தாரிடம் காசு கொடுக்கும் அன்றே வாங்குங்கள். ஆண்டுத் திவசத்துக்குக் கேட்டால் அழித்திருப்பார்கள்.