உணவுக்குழாய் ஈ.எஸ்.டி.: டியூப் போடுவதும் அதைக் காப்பதும்

ஆரம்பநிலை உணவுக்குழாய்ப் புற்றை எண்டோஸ்கோப் வழியே உட்சவ்வோடு உரித்தெடுப்பதுதான் ஈ.எஸ்.டி. மணிக்கணக்கில் நீளலாம், கழுவும் தண்ணீரும் ரத்தமும் தொண்டைக்கு ஏறும். அது நுரையீரலில் இறங்காமல் தடுக்கத்தான் மூச்சுக்குழாயில் டியூப். பாலக்காட்டு எல்லையில் அனஸ்தீசியா டாக்டருக்குக் கைகொடுக்கத் தொடங்கியிருக்கும் டெக்னீஷியன்களுக்காக இது.

முதலில் வயிறு. லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கட்டஞ்சாயாவுக்கு 2 மணி நேரம் போதும். பால் கலந்திருந்தால் அதற்கும் 6. "கழிச்சோ?" என்றால் மலையாளத்தில் "சாப்பிட்டீர்களா?" பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர் வயிற்றுப்போக்கைக் கேட்பதாக நினைத்து "இல்லை" என்றுவிடுவார். "ஐயா, கடைசியா என்ன சாப்ட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று தமிழில் கேளுங்கள்.

அடுத்து வாய். இதை அவசரப்படாமல் பாருங்கள். பாக்கும் புகையிலையும் மென்றவர்களுக்குத்தான் இந்தப் புற்றும் அதிகம் வருகிறது. கன்னம் நார் பிடித்து இறுகுவதும் அவர்களுக்குத்தான். நோயாளியின் விரல்கள் மூன்று வாயில் நுழைய வேண்டும். ஒன்றரைதான் நுழைகிறதா? மருந்து கொடுத்தால் தளரும் என்று நம்பாதீர்கள். தசைதான் மருந்துக்குத் தளரும், நார் தளராது. மயக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே மூக்கு வழியே ஃபைபர் ஸ்கோப்பில் டியூபைப் போட வேண்டியிருக்கலாம்.

டியூபின் உள்விட்டம் ஆணுக்கு 7.5 அல்லது 8 மி.மீ., பெண்ணுக்கு 7. ஒரு சைஸ் சின்னதும் கைக்கெட்ட இருக்கட்டும். கம்பிச்சுருள் டியூப் மடங்காது, ஆனால் கடித்து நசுக்கினால் திரும்ப விரியாது. 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்த பிறகே மயக்க மருந்து. டியூபின் ஆழம் பல்வரிசையில் ஆணுக்கு 23, பெண்ணுக்கு 21 செ.மீ. வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை தொடர்ந்து வந்தால்தான் டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

டியூப் நுனியருகே ஊதும் பலூன்தான் கஃப். அதன் அழுத்தத்தை மானோமீட்டரில் 20–30 செ.மீ. நீர் அளவில் வையுங்கள். உணவுக்குழாய் மூச்சுக்குழாயை ஒட்டிப் பின்னாலேயே போகிறது. கஃபை அதிகம் ஊதினால் பின்சுவர் புடைத்து ஸ்கோப் சிக்கும். டியூபை வாயோரத்தில், ஸ்கோப் நுழையும் மவுத்பீஸுக்கு வெளியே ஒட்டுங்கள்.

இடப்பக்கம் புரட்டியதும் ஆழத்தை மறுபடி பார்த்து, இரு மார்பிலும் ஸ்டெத் வையுங்கள். தலை குனிந்தால் டியூப் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலேறும்.

ஸ்கோப்பில் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஓடுகிறதா என்று பாருங்கள். மூச்சில் அதன் அளவும் மூச்சுவழி அழுத்தமும் ஏறினால் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலுக்கடியில் நறநறத்தால் வாயு தோலடியில் கசிந்திருக்கிறது; டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

முடிவில் வயிற்று நீரை உறிஞ்சச் சொல்லுங்கள். ஸ்கோப்பை உருவும்போது டியூபும் கூட வந்துவிடலாம், ஒரு கையால் பிடித்திருங்கள். தொண்டையைச் சுத்தம் செய்து, தசைத் தளர்வு நீங்கியதைக் காட்டும் டி.ஓ.எஃப். விகிதம் 0.9 தாண்டி, நோயாளி சொன்னதைக் கேட்டுக் கண் திறந்த பிறகே டியூபை எடுக்க வேண்டும்.