உட்சுவரை இடம் மாற்றுவதற்கான செலவைக் கணக்கிடும் முறை

சுவர் எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்க்கும் கணக்குப் போடாதீர்கள். தூண்களும் பீம்களும் உள்ள வீட்டில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் தன் எடையை மட்டுமே சுமக்கும். ஒன்பது அங்குலச் சுவர்கள் மீதே கூரை அமர்ந்துள்ள பழைய வீட்டிலோ, கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை உளி வைக்கவே கூடாது என்பதால், அவருடைய கட்டணம்தான் பட்டியலின் முதல் வரி.

10 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள நாலரை அங்குலச் சுவரைப் புதிதாக எழுப்பச் சுமார் 500 செங்கல் போதும். ஆனால் பூச்சும் பட்டியும் (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தடவும் புட்டி) பெயின்டும் இரு பக்கமும் சேர்ந்து 200 சதுர அடிக்கு வேண்டும். இடிக்கும் சுவரும் அதே அளவென்றால் ஏறக்குறைய 38 கன அடிதான். எனினும் உடைத்த குவியல் ஒன்றரை மடங்காகப் பெருகும் என்பதால், மூட்டை கட்டி இறக்கும் கூலியையும் வண்டி வாடகையையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

பலரும் மறப்பது தரையைத்தான். பழைய சுவர் நின்ற இடத்தில் டைல்ஸ் இல்லாத நீண்ட பட்டை ஒன்று வெளிப்படும். அதே நிறம் கடையில் கிடைக்காவிட்டால் அறை முழுவதற்கும் புதிய தரை போட நேரிடும். ஆகவே இடிக்கும் முன்பே ஒரு டைல்ஸ் துண்டுடன் கடைக்குச் சென்று விசாரியுங்கள். சுவரில் ஓடும் ஒயரிங்கை மாற்றுவதற்குப் பாயிண்ட் கணக்கில், அதாவது விளக்கு, பிளக் போன்ற ஒவ்வொரு இணைப்புக்கும் இவ்வளவு என்று விலை கேளுங்கள்.